திமிங்கலம் விரட்டிய கப்பல், கான்வாய்க்குக் காவல் போனது எப்படி?

இரண்டாம் உலகப்போரில் திமிங்கல வேட்டைக் கப்பல்களைக் கடற்படையில் சேர்த்து, சரக்குக் கப்பல்களுக்குக் காவலாக அனுப்பினார்கள். இதைச் சொன்னால் கேட்பவர்கள் பொதுவாக இரண்டு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். சிலருக்கு அது ஒரு கையாலாகாத ஏற்பாடு: கப்பல் பஞ்சம், அதனால் கிடைத்த படகில் பீரங்கியைக் கட்டி அனுப்பிவிட்டார்கள். வேறு சிலருக்கு அது வீரக்கதை: சின்னக் கப்பல்கள் நீர்மூழ்கிகளைத் தேடித் தேடி மூழ்கடித்தன.

இரண்டு கதையிலும் ஒரே தவறு இருக்கிறது. காவல் கப்பலின் வேலை எதிரியை அழிப்பது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதன் வேலை சரக்கைக் கரை சேர்ப்பது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், திமிங்கல வேட்டைக் கப்பல் அந்த வேலைக்கு ஏன் இவ்வளவு பொருந்தியது என்பது தானாகப் புரியும். நான் முதலில் இதைப் படித்தபோது எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. அதனால் அடிப்படையிலிருந்து போவோம்.

முதலில், எந்தத் திமிங்கலக் கப்பல்?

1930களில் தென்பெருங்கடலுக்குத் திமிங்கல வேட்டைக்குப் போன கூட்டத்தில் இரண்டு வகைக் கப்பல்கள் இருந்தன. ஒன்று தாய்க்கப்பல். பிரம்மாண்டமானது, கிட்டத்தட்ட மிதக்கும் தொழிற்சாலை. பிடித்த திமிங்கலத்தை அதன் பின்புறச் சரிவு வழியாக மேலே இழுத்து, வெட்டி, கொதிக்கவைத்து எண்ணெய் எடுப்பார்கள். இன்னொன்று விரட்டுக் கப்பல். சுமார் 40 மீட்டர் நீளம், 300 முதல் 350 டன். தாய்க்கப்பலைச் சுற்றி இப்படிப் பல கப்பல்கள் வேட்டையாடும். நாம் பேசப்போவது இந்த விரட்டுக் கப்பலைப் பற்றி.

அது செய்த வேலையைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். திமிங்கலம் மூச்சுவிட மேலே வரும், பிறகு மூழ்கிவிடும். எங்கே திரும்ப வரும் என்று ஊகித்து அங்கே போக வேண்டும். அது சட்டென்று திசை மாறினால் கப்பலும் உடனே மாற வேண்டும். இதெல்லாம் அண்டார்டிக் பக்கத்து அலைகளில். அதனால் விரட்டுக் கப்பலுக்கு 14, 15 நாட் வேகம் உண்டு (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர்). சுக்கானைத் திருப்பினால் சிறிய வட்டத்தில் திரும்பிவிடும். அணியம், அதாவது கப்பலின் முன்பகுதி, உயரமாக எழும்பி நிற்கும். அதன் உச்சியில் ஈட்டி எறியும் பீரங்கி. நார்வேக்காரர் ஸ்வென் ஃபொய்ன் 1860களில் செம்மைப்படுத்திய முறை அது. ஈட்டியின் நுனியில் வெடிகுண்டு இருக்கும்.

இப்போது திமிங்கலத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நீர்மூழ்கியை வையுங்கள். மேலே வரும், மூழ்கும், திசை மாறும், தேடிக் கண்டுபிடித்து அதன் தலைக்கு மேல் போய் நிற்க வேண்டும். வேலை ஏறக்குறைய அதேதான். ஈட்டிப் பீரங்கி இருந்த மேடையில் கடற்படைப் பீரங்கியை வைத்தார்கள். அமரத்தில், அதாவது பின்பகுதியில், நீருக்கடியில் வெடிக்கும் குண்டுகளை அடுக்கினார்கள். அடியில் ஒலிக்கருவி பொருத்தினார்கள். மாற்றம் பெரும்பாலும் அவ்வளவுதான்.

கான்வாய்: கூட்டமாகப் போனால் ஆபத்துதானே?

கான்வாய் என்றால் நமக்கு முதலில் தலைவர்களின் கார் வரிசை நினைவுக்கு வரும். கடலில் அது சரக்குக் கப்பல்கள் ஒன்றாகச் சேர்ந்து, காவலோடு போகும் அணி.

இதில் இயல்பாக எழும் சந்தேகம் ஒன்று உண்டு. நாற்பது கப்பல்கள் ஒன்றாகப் போனால் எதிரிக்கு வசதிதானே? முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகளில் பலரும் இப்படித்தான் வாதாடினார்கள். 1917 ஏப்ரலில் ஒரே மாதத்தில் 8 லட்சம் டன்னுக்கும் மேலான கப்பல்கள் மூழ்கிய பிறகுதான் கான்வாய் முறைக்கு முழுமனதாக வந்தார்கள். இழப்பு குறைந்தது.

காரணம் கணக்கில் இருக்கிறது. கடல் மிகப் பெரியது. நீர்மூழ்கியின் முதல் சிக்கல் சுடுவது அல்ல, கப்பலைக் கண்ணால் காண்பது. தனியாகப் போகும் ஒரு கப்பலை, சொல்லப்போனால், 15 கிலோமீட்டர் தூரத்திலிருந்து பார்க்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தக் கப்பலைச் சுற்றி 15 கிலோமீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டம் கூடவே நகர்கிறது. வட்டத்துக்குள் நீர்மூழ்கி இருந்தால் மாட்டிக்கொண்டோம். நாற்பது கப்பல்கள் தனித்தனியாகப் போனால் கடலில் இப்படி நாற்பது வட்டங்கள். ஒன்றாகப் போனால் ஒரே வட்டம், கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். ஆக, மற்ற கடலெல்லாம் வெறுமையாகிவிடுகிறது. நீர்மூழ்கி நாள்கணக்கில் காத்திருந்தும் ஒன்றும் தென்படாமல் திரும்ப வேண்டியதுதான்.

அப்படியே கண்டுபிடித்துவிட்டாலும் எல்லாவற்றையும் சுட முடியாது. அப்போது ஜெர்மனி அதிகமாகப் பயன்படுத்திய ஏழாம் வகை நீர்மூழ்கியில் 14 டார்ப்பிடோக்கள்தான் (குழாயிலிருந்து ஏவி, நீருக்கடியில் பாய்ந்துபோய் வெடிக்கும் ஆயுதம்) இருக்கும். ஒரு தடவை சுட்டுவிட்டு மறுபடி குழாயை நிரப்புவதற்குள் அணி நகர்ந்துவிடும்.

அணியை நிறுத்தும் விதத்திலும் யோசனை இருந்தது. நீண்ட ரயில் மாதிரிப் போகமாட்டார்கள். அகலமாக, எட்டு ஒன்பது வரிசைகள் பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொரு வரிசையிலும் நான்கைந்து கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக. வரிசைகளுக்கு இடையே கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். பக்கவாட்டிலிருந்து பார்க்கும் நீர்மூழ்கிக்குச் சுடக் கிடைக்கும் விளிம்பு குட்டையாக இருக்க வேண்டும் என்பதற்காக இப்படி. இந்தப் பெரிய செவ்வகத்தைச் சுற்றி, ஆட்டு மந்தையைச் சுற்றி ஓடும் நாய்கள் மாதிரி, காவல் கப்பல்கள்.

நீர்மூழ்கி உண்மையில் மூழ்கிப் போகும் கப்பல் இல்லை

எனக்கு எல்லாவற்றையும் தெளிவாக்கிய இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அந்தக் காலத்து நீர்மூழ்கி, தண்ணீருக்கு மேலே ஓடும் கப்பல். தேவைப்படும்போது மூழ்கத் தெரிந்த கப்பல். மேலே இருக்கும்போது டீசல் இயந்திரத்தில் ஓடும். டீசலுக்குக் காற்று வேண்டும். கீழே போனால் காற்று இல்லை, அதனால் பேட்டரியில்தான் ஓட வேண்டும். பேட்டரியின் குணம் செல்போன் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதிகமாக இழுத்தால் சீக்கிரம் தீரும்.

ஏழாம் வகை நீர்மூழ்கி மேலே 17 நாட்டுக்கும் கூடுதலாகப் போகும். மூழ்கினால் அதிகபட்சம் 7 நாட் சொச்சம், அதுவும் ஒரு மணி நேரம் போலத்தான் தாங்கும். சிக்கனமாக 4 நாட்டில் போனால் 80 கடல் மைல் வரை இழுக்கலாம்.

சரக்குக் கப்பல் அணியின் வேகம் என்ன? மெதுவான அணி 7 நாட், வேகமான அணி 9 நாட். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூழ்கிய நீர்மூழ்கி, பழைய சரக்குக் கப்பலை விடவும் மெதுவானது. 8 நாட் அணியின் பின்னால் 4 நாட்டில் தவழ்ந்தால், நான்கு மணி நேரத்தில் 16 கடல் மைல் பின்தங்கிவிடும். பிறகு மேலே வந்து, யார் கண்ணிலும் படாமல் பெரிய வளைவாகச் சுற்றி, அணிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த வாய்ப்பு.

ஆகவே காவல் கப்பல் என்ன செய்தால் போதும்? நீர்மூழ்கியைத் தலை தூக்கவிடாமல் சில மணி நேரம் அமுக்கி வைத்தால் போதும். அது உயிரோடு தப்பிவிட்டாலும் பரவாயில்லை, அணி போய்விட்டது. இதற்குப் பெரிய பீரங்கியும் கனத்த இரும்புக் கவசமும் தேவையில்லை. விடாமல் சுற்றிவரும், சட்டென்று திரும்பும், எந்தக் கடலிலும் நிற்கும் ஒரு சின்னக் கப்பல் போதும்.

இதுவரை பார்த்தது இவ்வளவு: சேர்ந்து போவதால் கப்பல்கள் கண்ணில் படுவது குறைகிறது, நீர்மூழ்கியை மூழ்கவைத்தாலே அதன் வேகம் போய்விடுகிறது, அந்த வேலைக்கு விரட்டுக் கப்பலின் உடம்பு போதுமானது.

காதால் தேடுவது

மூழ்கிய நீர்மூழ்கியைக் கண்ணால் பார்க்க முடியாது. அதற்குத்தான் அஸ்டிக் என்ற ஒலிக்கருவி. பிற்பாடு இதே முறைக்கு சோனார் என்ற பெயர் நிலைத்தது. ஆழக் கிணற்றை எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தால் கொஞ்சம் கழித்து எதிரொலி வருமே, அதே சங்கதி. கப்பலின் அடியிலிருந்து "பிங்" என்று ஓர் ஒலியை ஒரு திசையில் அனுப்புவார்கள். எதிலாவது பட்டால் திரும்பி வரும். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். எதிரொலி 2 நொடியில் வந்தால், போனது 1 நொடி, வந்தது 1 நொடி. பொருள் 1,500 மீட்டர் தூரத்தில் இருக்கிறது.

இதில் மூன்று குறைகள். கருவி தூரத்தையும் திசையையும் சொல்லும், ஆனால் தொடக்க காலக் கருவிகள் ஆழத்தைச் சொல்லவில்லை. இரண்டாவது, கப்பல் வேகமாக ஓடினால் அதன் இரைச்சலே காதை அடைத்துவிடும். 30 நாட்டுக்கு மேல் பாயும் நாசகாரிக் கப்பல்கூடத் தேடும்போது வேகத்தைக் குறைத்தாக வேண்டும். விரட்டுக் கப்பலின் 15 நாட் ஒரு குறையாகத் தெரியாததற்கு இதுவும் காரணம்.

மூன்றாவது குறையைச் சொல்லும்போது மனசு கனக்கிறது. திமிங்கலத்தின் மீது பட்டாலும் எதிரொலி வரும். நீர்மூழ்கி என்று நினைத்துத் திமிங்கலங்கள் மீது குண்டு போட்ட நிகழ்வுகள் போர்க்காலம் முழுக்க நடந்தன.

இன்னொன்றும் இருக்கிறது. இரவில் நீர்மூழ்கி மேலேயே மிதந்துகொண்டு தாக்கினால் அஸ்டிக் அநேகமாகப் பயன்படாது. 1940இல் ஜெர்மானியர்கள் செய்தது இதுதான். மேலே இருக்கும் நீர்மூழ்கியை விரட்டுக் கப்பலால் ஓடிப் பிடிக்கவும் முடியாது, 17 நாட் அல்லவா. 10 சென்டிமீட்டர் அலைநீளத்தில் வேலை செய்யும் ராடார் 1941 முதல் காவல் கப்பல்களுக்கு வரத் தொடங்கிய பிறகுதான் இரவுத் தாக்குதலுக்குப் பதில் கிடைத்தது.

குண்டு இறங்கும் 20 நொடி

நீருக்கடியில் வெடிக்கும் குண்டுக்கு டெப்த் சார்ஜ் என்று பெயர். எண்ணெய் டிரம் மாதிரி ஒன்று, உள்ளே சுமார் 130 கிலோ வெடிமருந்து. இவ்வளவு ஆழம் போனதும் வெடி என்று முன்பே திருகி வைத்து, கப்பலின் பின்னாலிருந்து உருட்டிவிடுவார்கள். நீரின் அழுத்தம் அந்த ஆழத்தில் அதை வெடிக்க வைக்கும்.

படத்தில் பார்க்கும்போது குண்டு போட்டால் நீர்மூழ்கி காலி. நிஜத்தில் பெரும்பாலும் தப்பிவிடும். ஏன் என்று பாருங்கள். குண்டு நொடிக்கு 3 மீட்டர் வீதம் இறங்குகிறது. 60 மீட்டர் இறங்க 20 நொடி. அந்த நேரத்தில் 4 நாட்டில் போகும் நீர்மூழ்கி 40 மீட்டர் நகர்ந்திருக்கும். நீர்மூழ்கியின் உடலைப் பிளக்க வேண்டுமென்றால் குண்டு சில மீட்டர் நெருக்கத்தில் வெடிக்க வேண்டும். அதைவிட மோசம், கப்பல் நீர்மூழ்கியை நெருங்கும்போது கடைசி 150, 200 மீட்டரில் அஸ்டிக் ஒலிக்கற்றை அதைத் தாண்டி மேலே போய்விடும், எதிரொலி நின்றுவிடும். கீழே நீர்மூழ்கியில் இருக்கும் தளபதிக்கு, மேலே கப்பலின் விசிறி (நீரைத் தள்ளிக் கப்பலை ஓட்டுவது) சுழலும் சத்தம் காதில் விழுகிறது. சரியாக அந்தக் குருட்டு நேரத்தில் அவர் சுக்கானைத் திருப்புவார். திரும்பவும் முதலிலிருந்து தேட வேண்டியதுதான். அந்த நேரத்தில் சின்ன வட்டத்தில் திரும்பத் தெரிந்த கப்பலுக்குத்தான் மறுவாய்ப்பு சீக்கிரம் கிடைக்கும்.

கப்பலுக்கும் ஆபத்து உண்டு. குண்டை 15 மீட்டர் ஆழத்துக்குத் திருகியிருந்தால் 5 நொடியில் வெடித்துவிடும். 15 நாட்டில் ஓடும் கப்பல் அதற்குள் 40 மீட்டருக்கும் குறைவாகத்தான் நகர்ந்திருக்கும். சொந்தக் குண்டே பின்பகுதியைத் தூக்கி அடிக்கும். இன்னும் மெதுவான மீன்பிடி டிராலர்களும் இதே வேலைக்கு வந்தன; அவற்றுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

டோப்ருக் பாதையில் நான்கு கப்பல்கள்

இப்போது உண்மையான கப்பல்களைப் பார்ப்போம். போர் தொடங்கியபோது தென்னாப்பிரிக்காவிடம் சொல்லிக்கொள்ளும்படி கடற்படை இல்லை. ஆனால் அங்கே திமிங்கல வேட்டைத் தொழில் இருந்தது. விரட்டுக் கப்பல்களை எடுத்து மாற்றினார்கள். சதர்ன் ஃபுளோ, சதர்ன் ஐல்ஸ், சதர்ன் மெய்ட், சதர்ன் சீ என்ற நான்கும் 1940 டிசம்பரில் புறப்பட்டு, ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரமாக ஏறி, 1941 ஜனவரியில் அலெக்சாண்டிரியா போய்ச் சேர்ந்தன. அண்டார்டிக் குளிருக்குக் கட்டிய கப்பல்கள் பாலைவனக் கரைக்கு வந்தன.

அவற்றின் வேலை அலெக்சாண்டிரியாவிலிருந்து லிபியாவின் டோப்ருக் வரை போகும் கப்பல்களுக்குக் காவல். 500 கிலோமீட்டருக்கும் அதிகமான கரையோரப் பாதை. பெட்ரோல், குடிநீர், வெடிமருந்து, உணவு எல்லாம் அந்த வழியாகத்தான். 1941 ஏப்ரலிலிருந்து டோப்ருக்கைத் தரைவழியில் எதிரிகள் சூழ்ந்துவிட்டபோது கடல் ஒன்றே வழி. அங்கே நீர்மூழ்கி மட்டும் பகை இல்லை. கண்ணிவெடி, விமானம் இரண்டும் சேர்ந்துகொண்டன. விமானத்துக்கு எதிராக இந்தச் சின்னக் கப்பல்களிடம் இருந்த ஆயுதம் மிகக் குறைவு.

சதர்ன் ஃபுளோ வந்து ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கவில்லை. 1941 பிப்ரவரி 11 அன்று டோப்ருக்குக்கு வெளியே வெடித்து மூழ்கியது. கண்ணிவெடியாக இருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார்கள். சிதறிய மரத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்த ஒரே ஒரு மாலுமியை ஒரு நாசகாரிக் கப்பல் மீட்டது. மற்ற யாரும் பிழைக்கவில்லை. 40 மீட்டர் கப்பலில் ஒரு வெடிப்பு என்றால் அதுதான் விளைவு. பெரிய கப்பல்போல அறை அறையாகத் தடுத்துக்கொண்டு மிதக்க அதற்கு இடமில்லை.

கோஸ் 19 என்ற பெயரில் வேட்டையாடிய கப்பலைப் பிரிட்டிஷ் கடற்படை காக்கர் என்று பெயர் மாற்றி வைத்திருந்தது. 1942 ஜூன் 3 அன்று அதை மூழ்கடித்தது யு-331 என்ற நீர்மூழ்கி. ஆறு மாதம் முன்பு பார்ஹாம் என்ற மாபெரும் போர்க்கப்பலைக் கவிழ்த்ததும் அதே நீர்மூழ்கிதான்.

வெற்றியும் உண்டு. 1942 ஜூலை 11 அன்று பெய்ரூட்டுக்கு அப்பால், சதர்ன் மெய்ட், அதேபோல மாற்றப்பட்ட புரோட்டியா என்ற இன்னொரு கப்பல், கூடவே விமானம், மூன்றும் சேர்ந்து ஒண்டினா என்ற இத்தாலிய நீர்மூழ்கியை மூழ்கடித்தன. புத்தகங்களில் பேசப்படுவது இந்த ஒரு நாள். என் கண்ணுக்குப் பெரியதாகத் தெரிவது, அதற்கு முன்னும் பின்னும் ஒன்றுமே நடக்காமல் கழிந்த பயணங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றால், குடிநீர்க் கப்பல் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம்.

வேட்டைக் கப்பலிலிருந்து பிறந்த கார்வெட்

இருக்கும் கப்பலை மாற்றுவது ஒரு வழி. அதே அச்சில் புதிதாகக் கட்டுவது இன்னொரு வழி. இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் ஸ்மித்ஸ் டாக் என்ற நிறுவனம் 1936இல் சதர்ன் பிரைட் என்ற விரட்டுக் கப்பலைக் கட்டியிருந்தது. அங்கே வடிவமைப்பாளராக இருந்த வில்லியம் ரீட், அதைக் கொஞ்சம் நீட்டி, கடற்படைக்கு ஏற்றபடி வரைந்து கொடுத்தார். அதுதான் மலர்களின் பெயர் தாங்கிய கார்வெட் (சிறிய காவல் போர்க்கப்பல்) வகை: 62 மீட்டர் நீளம், 16 நாட், ஒரே ஒரு விசிறி. சரக்குக் கப்பல் கட்டும் பட்டறையிலேயே கட்டலாம், சரக்குக் கப்பல் இயந்திரக்காரரே ஓட்டலாம். பிரிட்டனும் கனடாவும் 250க்கும் மேல் கட்டித் தள்ளின. கரையோரக் காவலுக்கென்று நினைத்தவை, அட்லாண்டிக்கின் நடுவே போய் நின்றன. பயங்கரமாக ஆடும், உள்ளே எதுவும் காயாது, ஆனால் கவிழாது.

மூலக் கப்பலான சதர்ன் பிரைடும் சும்மா இருக்கவில்லை. அதுவும் காவல் வேலைக்குப் போய், 1944இல் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் தரைதட்டி அழிந்தது.

நம் கடலிலும் ஒன்று கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்ம்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்ததை இலங்கையில் பலரும் அறிவார்கள். அதே நாளில் அதே கடற்பகுதியில் ஹாலிஹாக் என்ற கார்வெட்டும் மூழ்கியது. அத்தெல்ஸ்டேன் என்ற எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்தது அது. எண்ணெய்க் கப்பலும் தப்பவில்லை. நீருக்கடியில் இருக்கும் எதிரிக்காக வடிவமைத்த கப்பலிடம், வானிலிருந்து அலை அலையாக வந்தவர்களுக்குக் கொடுக்கப் பதில் இல்லை.

போருக்குப் பிறகு

திமிங்கல எண்ணெய் அப்போது மார்கரினுக்கும் சோப்புக்கும் வேண்டியிருந்தது. அதிலிருந்து கிடைத்த கிளிசரின் வெடிமருந்துக்கும் போனது. போர்க்காலத்தில் வேட்டைக் கப்பல்கள் காவலுக்குப் போனதால் தென்கடலில் வேட்டை பெருமளவு நின்றது. திமிங்கலங்களுக்குச் சில ஆண்டுகள் மூச்சுவிட இடம் கிடைத்தது.

1945க்குப் பிறகு ஐரோப்பாவில் கொழுப்புப் பஞ்சம். தப்பிப் பிழைத்த விரட்டுக் கப்பல்கள் பழைய தொழிலுக்குத் திரும்பின. வேலை இல்லாமல் நின்ற கார்வெட்டுகளையும் வாங்கி, பீரங்கி மேடையில் மறுபடி ஈட்டிப் பீரங்கியைப் பொருத்தினார்கள். கிரேக்கக் கப்பல் முதலாளி அரிஸ்டாட்டில் ஒனாசிஸ் 1950இல் தொடங்கிய வேட்டை அணியில் ஓடிய விரட்டுக் கப்பல்கள் பழைய கார்வெட்டுகள்தான். நீர்மூழ்கியைத் தேடிய அஸ்டிக்கும் வேட்டைக் கப்பல்களுக்கு வந்தது. இப்போது அந்த "பிங்" ஒலி திமிங்கலத்தைத் தேடியே போனது. சத்தத்துக்கு மிரண்டு திமிங்கலம் நேர்கோட்டில் ஓடத் தொடங்கும். நேராக ஓடுவதைப் பின்தொடர்வது சுலபம்.